குழாய்த் தண்ணீர் வந்த வழியே பெரும்பாறைக்கு

திண்டுக்கல்காரர்களுக்குக் கொடைக்கானல் என்பது பக்கத்து வீடு மாதிரி. ஊரிலிருந்து விருந்தாளி வந்தால் ஒரு நாள் கூட்டிக்கொண்டு போய், ஏரியைச் சுற்றிக் காட்டி, பிள்ளைகளைக் குதிரையில் ஏற்றி இறக்கி, ராத்திரிக்குள் வீடு திரும்பிவிடுவோம். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நானும் எத்தனையோ தடவை வத்தலக்குண்டு வழியாகப் போய் வந்திருக்கிறேன். பெரும்பாறை வழியாக இன்னொரு பாதை மலை ஏறுகிறது என்று தெரியும். ஆனால் போக வேண்டும் என்று ஒரு நாளும் தோன்றியதில்லை. அந்த வழியாகப் போக வைத்தவர் என் மாமியார்.

அத்தைக்கு வயது 73. இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. படி ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ஒரு நாள் என் பெண் கூடத்தில் உட்கார்ந்து சத்தம் போட்டுப் பாடம் படித்துக்கொண்டிருந்தாள். அதில் குடகனாறு என்று ஒரு வார்த்தை வந்தது. முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த அத்தை நிமிர்ந்து பார்த்தார்.

"ஏத்தா, நம்ம குழாயில வர்ற தண்ணி எங்கேருந்து வருது?"

"ஆத்தூர் டேமிலேருந்து, அப்பத்தா."

"அது தெரியும். டேமுக்கு எங்கேருந்து வருது?"

"பெரும்பாறைப் பக்கத்து மலையிலேருந்து. அதுதான் குடகனாறு."

அத்தை கீரையை ஒதுக்கி வைத்தார். "அம்பது வருஷமா அந்தத் தண்ணியச் சுமந்துருக்கேன். காலு நடக்கும்போதே அது எங்க பொறக்குதுன்னு ஒரு தடவ பாத்துரணும்" என்றார்.

பேரணை, காவிரி என்று வேறு இடங்களிலிருந்தும் எங்கள் ஊருக்குத் தண்ணீர் வருகிறது என்று சொல்லித் தட்டிக்கழிக்கப் பார்த்தார் என் கணவர். அத்தை கேட்பதாக இல்லை.

இந்த இடத்தில் ஒரு பழைய கதையைச் சொல்ல வேண்டும். 2016-ல் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாடு முழுக்கப் பொய்த்தது உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். மறு வருஷம் எங்கள் தெருவில் தண்ணீர் வரும் நாள் திருவிழா நாள் மாதிரி ஆகிவிட்டது. பத்து நாளுக்கு ஒரு முறை, சில சமயம் அதற்கும் மேல். வீட்டில் இருக்கிற குடம், அண்டா, தவலை, பிளாஸ்டிக் டிரம், பொங்கல் பானை உட்பட எல்லாவற்றிலும் பிடித்து வைப்போம். அதே வருஷம்தான் டெங்குக் காய்ச்சலும் ஊரெல்லாம் பரவியது. எங்கள் தெருவிலேயே ஒரு குழந்தையை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். ஒரு நாள் காலை டிரம்மின் மூடியைத் திறந்தேன். உள்ளே சின்னச் சின்னப் புழுக்கள் தலைகீழாகத் தொங்கி நெளிந்துகொண்டிருந்தன. எனக்கு உடம்பெல்லாம் பதறிவிட்டது. அத்தை குளிக்கப் போயிருந்த நேரம் பார்த்து, டிரம்மைச் சாய்த்து முழுத் தண்ணீரையும் முற்றத்தில் கொட்டிவிட்டேன்.

அத்தை வந்து பார்த்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. மூன்று நாள் பேசவில்லை. நாலாம் நாள் பேசினார், ஆனால் என்னிடம் இல்லை, சுவரிடம். "வடிகட்டியிருக்கலாம். செடிக்கு ஊத்தியிருக்கலாம். சுமந்தவளுக்குத்தான் தெரியும் பாரம்" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது, நான் செய்ததிலும் நியாயம் இருந்தது. அதனால்தானோ என்னவோ, அந்தப் பேச்சு எங்களுக்குள் முடியாமலே கிடந்தது.

(வீட்டில் தண்ணீர் பிடித்து வைக்கிற சகோதரிகளுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். டெங்குக் கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். முட்டை பாத்திரத்தின் உள்பக்கச் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும். தண்ணீரை மாற்றினால் மட்டும் போதாது, வாரம் ஒரு முறை நார் போட்டு அழுத்தித் தேய்த்துக் கழுவிக் காய வைக்க வேண்டும். மூடி பொருந்தாத பாத்திரத்துக்கு மெல்லிய வேட்டித் துணியை இறுகக் கட்டினால் போதும்.)

சென்ற அரையாண்டு விடுமுறையில் ஒரு வாடகைக் கார் பேசிக்கொண்டு ஐந்து பேரும் கிளம்பினோம். எலுமிச்சம்பழ சாதம், உருளைக்கிழங்கு வறுவல், தயிர் சாதம். தயிர் சாதத்துக்குப் பாலை நிறைய ஊற்றி, தயிரை ஒரு கரண்டி மட்டும் விட்டுப் பிசைந்தால் மத்தியானம் வரை புளிக்காது. என் பெண்ணுக்கு மலைப் பாதை ஒத்துக்கொள்ளாது. வெறும் வயிற்றில் ஏற்றினாலும் வாந்தி, வயிறு முட்டத் தின்றாலும் வாந்தி. இரண்டு இட்லியோடு நிறுத்தி, முன் ஸீட்டில் உட்கார வைத்து, வாயில் ஒரு துண்டு நார்த்தங்காய் ஊறுகாயைக் கொடுத்தேன்.

செம்பட்டி வரை நமக்குப் பழகிய சமவெளிதான். அங்கிருந்து ஆத்தூர்ப் பக்கம் திரும்பியதும் பச்சை கூடிவிட்டது. வயல், வாழை, தென்னந்தோப்பு. மேற்கே மலை எழுந்து நிற்கிறது. அதன் காலடியில்தான் காமராஜர் நீர்த்தேக்கம். எங்கள் ஊர்க்காரர்கள் ஆத்தூர் டேம் என்றே சொல்வார்கள். மழை நன்றாகப் பெய்திருந்ததால் தண்ணீர் தளும்பிக் கிடந்தது. கரையோரம் கொக்குகள். எதிரே மலையின் நிழல் தண்ணீரில் விழுந்திருந்தது. என் பையன் செல்போனை எடுத்துப் படம் பிடிக்கத் தொடங்கிவிட்டான்.

அணையின் முழு ஆழமே 23.5 அடிதான் என்று என் கணவர் சொன்னார். அத்தைக்கு நம்பிக்கை வரவில்லை.

"இம்புட்டுத்தானா? ஊரு முழுக்க இதைத்தானா குடிக்கிது?"

"இதையும்தாம்மா."

அத்தை கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டில் அண்டாவின் அடியில் எத்தனை குடம் பாக்கி இருக்கிறது என்று எட்டிப் பார்ப்பாரே, அதே பார்வை.

சித்தையன்கோட்டை, சித்தரேவு தாண்டியதும் மலைப் பாதை ஆரம்பம். கொடைக்கானல் ரோடு போல அகலமில்லை. எதிரே பஸ் வந்தால் ஒருவர் ஒதுங்கி நின்று வழி விட வேண்டும். முதலில் முள்ளும் புதருமாகக் காய்ந்த காடு. வளைவுகள் ஏற ஏற மரங்கள் உயர்ந்துகொண்டே போயின. காற்றில் ஈரம் வந்தது. காது அடைத்தது. கைக்குழந்தையோடு மலை ஏறுகிற இளம் தாய்மார்கள், குழந்தை இந்த இடத்தில் வீறிட்டு அழுதால் பயப்பட வேண்டாம். பால் கொடுங்கள், சப்பி விழுங்கினாலே காதடைப்பு விட்டுவிடும். என் பெண் நார்த்தங்காயை மீறி ஒரு தடவை காரை நிறுத்த வைத்தாள். அந்த இடத்தில் இறங்கித் திரும்பிப் பார்த்தால், அப்பப்பா! நாங்கள் வந்த சமவெளி முழுவதும் கீழே பாய் விரித்தாற்போல் கிடக்கிறது. அய்யம்பாளையத்துத் தென்னந்தோப்புகள், அங்கங்கே குளங்கள். மினுமினுக்கிற தண்ணீர் ஒன்றைக் காட்டி மருதாநதி அணை என்றார் டிரைவர் தம்பி.

பெரும்பாறை சின்ன ஊர். நாலைந்து டீக்கடை, மளிகைக் கடை, பஸ்ஸுக்குக் காத்திருக்கும் ஜனங்கள், காப்பிக்கொட்டை மூட்டைகள். சுற்றிலும் காப்பித் தோட்டங்கள்தான். நாங்கள் போனது பழம் பறிக்கிற சமயம். செடிகளில் காப்பிப் பழம் சிவப்புச் சிவப்பாகக் குலுங்கியது. மேலே நிழலுக்குப் பலாவும் சில்வர் ஓக்கும். அந்த மரங்களைச் சுற்றி மிளகுக் கொடி. தினமும் காலையில் டிகாக்‌ஷன் போடுகிறோம், ரசத்துக்கு மிளகு தட்டுகிறோம், இரண்டும் ஒரே மரத்தடியில் விளைவதை இந்த வயதில்தான் நான் பார்த்தேன்.

டீக்கடையில் எங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் தோட்ட வேலைக்குப் போகிறவர். அத்தை அவரிடம் கேட்ட முதல் கேள்வி, "உங்களுக்குத் தண்ணி எப்புடித்தா?" என்பதுதான். ஓடையிலிருந்து கறுப்பு ஹோஸ் போட்டு வீட்டு வாசலுக்குக் கொண்டு வந்திருக்கிறார்களாம். "மலையில இருக்கோம்னு பேருதான் பாட்டி. பங்குனி, சித்திரையில எங்க ஹோஸும் காத்துதான் விடும்" என்றார். பிறகு அவரே ஒரு விஷயம் சொன்னார். மரம் அடர்ந்திருக்கிற தோட்டத்து ஓடையில் மழை நின்று ரொம்ப நாள் வரைக்கும் தண்ணீர் ஓடுமாம். மரத்தை வெட்டி வெளிச்சம் விட்ட இடத்தில் மழை பெய்த அன்றைக்குச் செந்தண்ணீராக ஓடி, மறுநாளே நின்றுவிடுமாம்.

இதைப் பிறகு என் கணவர் விளக்கினார். மரத்தடியில் உதிர்ந்து மட்கிய சருகு பஞ்சு மாதிரி மழையை உறிஞ்சி வைத்துக்கொள்கிறது. அதிலிருந்து சொட்டுச் சொட்டாகக் கசிவதுதான் ஓடை. மேலே உயரத்தில் சோலைக்காடும் புல்வெளியும் இந்த வேலையைச் செய்கின்றன. பழனி மலையில் விழும் மழை தெற்கே இறங்கினால் வைகைக்கு, வடக்கே இறங்கினால் அமராவதிக்கு. எங்கள் குடகனாறும் ஆத்தூர், திண்டுக்கல், வேடசந்தூர்ப் பக்கமெல்லாம் போய்க் கடைசியில் அமராவதியோடுதான் சேருகிறது.

பெரும்பாறையிலிருந்து புல்லாவெளி அருவி பக்கம்தான். இந்தத் தண்ணீர்தான் கீழே ஆத்தூர் டேமுக்குப் போகிறது. தாய்மார்களே, ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். இது குற்றாலம் மாதிரி குளிக்கிற அருவி இல்லை. பாறை பாசி பிடித்து வழவழவென்றிருக்கிறது. கீழே அதலபாதாளம். 2022 ஆகஸ்டில் ஓர் இளைஞர் பாறை விளிம்பில் நின்று போஸ் கொடுக்க, நண்பர் வீடியோ எடுத்துக்கொண்டிருக்கும்போதே வழுக்கி விழுந்துவிட்டார். அந்தக் காட்சியை நீங்கள்கூடச் செல்போனில் பார்த்திருக்கலாம். என் பையனும் பார்த்திருந்தான். பார்த்தும் என்ன, "ஒரே ஒரு படம்மா, அந்த நுனியில" என்று ஆரம்பித்தான். வழக்கமாக அதட்டாத என் கணவர் அன்று போட்ட சத்தத்தில் பக்கத்தில் நின்ற வெளியூர்ப் பையன்களும் இரண்டடி பின்னால் வந்தார்கள். எட்ட நின்றே பார்த்தோம். எட்ட நின்றாலே சாரல் முகத்தில் படுகிறது. அது போதும்.

அத்தையால் அவ்வளவு தூரம் நடக்க முடியவில்லை. ரோட்டை ஒட்டி, கணுக்கால் ஆழத்துக்கு ஓடை ஒன்று கூழாங்கல்லில் சலசலத்துக்கொண்டிருந்தது. இதுவும் அங்கேதான் போய்ச் சேரும் என்றார் டிரைவர். கரையில் ஒரு கல்லில் அத்தையை உட்கார வைத்தேன். செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீருக்குள் காலை விட்டார். "யாத்தே, ஐஸு!" என்று சிரித்தார். கையில் அள்ளினார். வாய்வரை கொண்டு போனவர் அப்படியே நிறுத்திவிட்டார்.

ஓடைக்கு நடுவில், இரண்டு கல்லுக்கு இடையில், வெள்ளையாக ஊதிப்போய் ஏதோ சிக்கியிருந்தது. குழந்தைக்குக் கட்டும் டயாபர். கொஞ்சம் தள்ளி இன்னொன்று. பிஸ்கட் உறை, தண்ணீர்ப் பாட்டில் எல்லாம் பார்த்துப் பழகிவிட்டோம், ஆனால் இது? காரில் வந்த யாரோ ஒரு தாய் குழந்தைக்கு மாற்றிவிட்டு, வண்டிக்குள் வைத்துக்கொள்ள அருவருத்து வீசியிருக்கிறாள். அவளைத் திட்டத்தான் வாயெடுத்தேன். என் பெண் கைக்குழந்தையாக இருந்தபோது பழனிக்குப் போகும் வழியில் பஸ் ஜன்னலிலிருந்து நானும் ஒரு தடவை அப்படி வீசியது ஞாபகம் வந்துவிட்டது. வாயை மூடிக்கொண்டேன்.

அத்தை கையிலிருந்த தண்ணீரை மெதுவாகக் கீழே விட்டார்.

"இதைத்தான் நாம குடிக்கிறோமா?"

"கீழே சுத்தம் பண்ணி, மருந்து போட்டுத்தான் விடுவாங்க அத்தை."

"மருந்து போடுவாங்க. அதுக்காக?" என்றவர் பையனைக் கூப்பிட்டு ஒரு குச்சி ஒடித்து வரச் சொன்னார். அவன் முகத்தைச் சுளித்துக்கொண்டே இரண்டையும் கரைக்கு இழுத்துப் போட்டான். சாப்பாடு கட்டிக்கொண்டு வந்த பையைக் காலி செய்து, பழைய பேப்பரால் எடுத்து உள்ளே வைத்துக் கட்டினேன். கையைச் சோப்புப் போட்டுக் கழுவப் போனேன். சோப்புத் தண்ணீர் ஓடைக்குள் போகாமல் தள்ளி நின்று கழுவு என்றார் அத்தை. அந்தப் பை எங்களோடு காரின் பின்பக்கத்தில் தாண்டிக்குடி வரை வந்தது. நாற்றத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் ஒருவரும் முணுமுணுக்கவில்லை.

கார் கிளம்பிக் கொஞ்ச நேரம் கழித்து, ஜன்னலைப் பார்த்தபடியே அத்தை சொன்னார்: "அன்னிக்கு அந்த டிரம்முத் தண்ணியக் கொட்டினியே, புழு கெடந்துச்சா?"

"ஆமா அத்தை."

"நெறையவா?"

"நெறைய."

"சொல்லியிருக்கலாம்ல" என்றார். நான் சொல்லியிருந்தேன். சொன்னபோது அவர் காதில் விழும் நிலையில் இல்லை. அதை இப்போது எடுத்துப் பேசுவானேன் என்று விட்டுவிட்டேன்.

வழியில் தடியன்குடிசை என்று ஓர் இடம். அங்கே தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. பட்டர் ஃப்ரூட் என்கிறோமே, வெண்ணெய்ப் பழம், அதில் டி.கே.டி. 1 என்ற ரகத்தை இங்கேதான் உருவாக்கினார்கள். ரோட்டோரம் வாங்கினோம். காயாக இருப்பதை அரிசிப் பானைக்குள் மூன்று நாள் புதைத்து வைத்தால் பதமாகப் பழுக்கும். மசித்து, பாலும் சர்க்கரையும் சேர்த்துக் கொடுத்தால் சாப்பிட அடம் பிடிக்கிற குழந்தைகூட இறக்கிவிடும். நல்ல கொழுப்புச் சத்து உள்ளது. மலை வாழைப்பழமும் ஒரு சீப்பு வாங்கினோம். தோல் கறுத்து, பழம் சுண்டிப்போன பிறகுதான் அதன் ருசியே. பஞ்சாமிர்தத்துக்கு உகந்தது இதுதான். முடிக்கொத்து நோய் வந்து இந்தத் தோட்டங்கள் எவ்வளவோ அழிந்துவிட்டன. விருப்பாச்சி மலை வாழைக்கும் சிறுமலை வாழைக்கும் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. விலை கொஞ்சம் கூடத்தான், ஆனால் நான் பேரம் பேசவில்லை.

தாண்டிக்குடியில் முருகன் கோயில். முருகன் இங்கிருந்து தாண்டிக் குதித்துப் பழனிக்குப் போனதால் தாண்டிக்குதி என்றிருந்த பெயர் தாண்டிக்குடி ஆனதாகச் சொல்கிறார்கள். பழங்காலத்து ஜனங்கள் செத்தவர்களுக்காகப் பெரிய பலகைக் கற்களை நிறுத்திக் கட்டிய கல்திட்டைகள் இந்த மலைகளில் அங்கங்கே உண்டு. அத்தையின் காலை உத்தேசித்து நாங்கள் அவற்றைத் தேடிப் போகவில்லை. கோயில் அருகே குப்பைத் தொட்டி இருந்தது, பையை அதில் சேர்த்தோம். அங்கேயே மர நிழலில் சாப்பாடு.

பண்ணைக்காடு வழியாக ஊத்து என்ற இடத்தில் கொடைக்கானல் ரோட்டைப் பிடித்தோம். அதுவரை அமைதியாக இருந்த காது திடீரென்று ஹாரன் சத்தத்தில் நிறைந்தது. (சொந்த வண்டியிலோ வாடகை வண்டியிலோ கொடைக்கானல் போவதானால் இ-பாஸ் வேண்டும். 2024 மே 7 முதல் இந்த ஏற்பாடு. நாங்கள் முதல் நாளே செல்போனில் எடுத்து வைத்திருந்தோம்.) வெள்ளி அருவியில் நின்று பார்த்தோம். கொடைக்கானல் ஏரி நிரம்பி வழிவதுதான் இப்படி விழுகிறது. ஏரி தானாக உண்டானதில்லை. 1863-ல் மதுரைக் கலெக்டராக இருந்த லெவிஞ்சு என்ற வெள்ளைக்காரர் ஓடையை மறித்துக் கரை போட்டு உண்டாக்கியது.

"அப்ப இதுவும் டேமுதானா?" என்று கேட்டார் அத்தை. அதற்குப் பிறகு ஏரியின் மேல் அவருக்கு அவ்வளவு பிரமாத அபிப்பிராயம் இல்லை. படகில் ஏறவும் மறுத்துவிட்டார். சால்வையைப் போர்த்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்து, சுட்ட சோளக்கதிர் தின்றபடி, ஏரியில் யாராவது எதையாவது எறிகிறார்களா என்று கண்காணித்துக்கொண்டிருந்தார். எறிந்த ஒரு புது மாப்பிள்ளைக்கு நன்றாகக் கிடைத்தது.

ராத்திரி வீடு வந்து சேரப் பத்தரை மணி ஆகிவிட்டது. அத்தையின் முழங்கால் வீங்கியிருந்தது. உப்பு ஒத்தடம் கொடுத்துப் படுக்க வைத்தேன்.

இரண்டு நாள் கழித்து விடியற்காலை நாலு மணிக்குக் குழாயில் தண்ணீர் வந்தது. நான் எழுந்து வேட்டித் துணியைக் கட்டிக் குடங்களில் பிடித்துக்கொண்டிருந்தேன். இங்கே ஒன்று சொல்ல வேண்டும். நான் இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து தண்ணீரைக் கொதிக்க வைப்பதா வேண்டாமா என்பது எங்களுக்குள் ஓயாத வழக்கு. "கொதிச்ச தண்ணி செத்த தண்ணி, ருசியே இருக்காது" என்று அத்தை தனக்கென்று தனிப் பானை வைத்திருந்தார். கைக்குழந்தைகள் இருந்த காலத்தில்கூட அவருக்குத் தெரியாமல்தான் கொதிக்க வைப்பேன்.

அடுப்படியில் விளக்கு எரிந்தது. அத்தை சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக வந்தார். தன் பானையிலிருந்த தண்ணீரைத் துளசிக்கு ஊற்றிவிட்டு, பானையைக் கழுவிக் கவிழ்த்தார்.

"பெரிய பாத்திரத்தை அடுப்புல ஏத்து" என்றார். "கொதி வந்ததும் எறக்கிடாத. இன்னும் கொஞ்ச நேரம் கொதிக்கட்டும்."